அம்மாவின் வாயில் வெள்ளைத் திட்டுகள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை உண்டு, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர், மேல்வரிசை முழுக்கப் பல்செட். இரண்டு வாரமாக நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள். துடைத்தால் வந்துவிடுகிறது, அடியில் சிவந்து எரிகிறது. ரசம்கூட இறங்கவில்லை.

வயிற்றுச் சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை கொடுத்ததில் ஒரு வாரம் போய்விட்டது. டாக்டர் பார்த்ததும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று என்றார். பலர் வாயிலும் சாதாரணமாக இருப்பதுதானாம். சர்க்கரை கூடினாலோ இன்ஹேலர் மருந்து வாயில் தங்கினாலோ பெருகிவிடுமாம். இன்ஹேலர் இழுத்ததும் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இழுக்கிறார்கள் என்றால் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

க்ளோட்ரிமசோல் மருந்தை 14 நாள் வாயில் தடவச் சொல்லியிருக்கிறார். திட்டு மறைந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாதாம். சரி, அதைச் செய்துவிடுவோம். பல்செட்டை இரவில் கழற்றி வைக்கத்தான் அம்மா சம்மதிக்கவில்லை, கூச்சப்படுகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்? எரிச்சல் இல்லாமல் சாப்பிட மோர்சாதம் தவிர என்ன கொடுத்தீர்கள்? அப்புறம், இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் (மருந்து வாயில் அதிகம் தங்காமல் நுரையீரலுக்குப் போக உதவும் குழாய்) கடலூரில் எங்கே கிடைக்கும்? புதுச்சேரி போய் வாங்கவும் தயார்.