வீடியோ, ஓவியம், ஒலிப்பதிவு செய்பவர்களுக்குச் சாதாரண மடிக்கணினியா, தொழில்முறை மடிக்கணினியா? எல்லையோர அன்பர்களின் அனுபவப் பகிர்வு

குமரிக் கேமரா (களியக்காவிளை)

மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு தேவாலயத் திருமணத்தில், காலையில் எடுத்த காட்சிகளை அன்று மாலை வரவேற்பிலேயே தொகுத்துத் திரையிட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். அந்த நெருக்கடி எப்படிப்பட்டது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தொகுப்பாளர் கொண்டுவந்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள, தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய, விசைப்பலகையில் வண்ண விளக்குகள் எரியும் மடிக்கணினி. இரண்டாவது கேமராவுக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து வந்த தம்பியிடம் இருந்ததோ அதில் பாதி விலைகூட இல்லாத, கார்டே இல்லாத மெல்லிய கணினி.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே மெமரி கார்டில் இருந்த ஒரே கோப்பை பிரீமியர் புரோ என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் திறந்தோம். எங்கள் கணினியில் மணப்பெண் ஆலய வாசலில் கால் வைக்கும் காட்சி நின்று நின்று நகர்ந்தது. முகத்திரையைத் தூக்கும் கணம் மூன்று அசையாப் படங்களாகத்தான் தெரிந்தது. தம்பியின் கணினியில் அதே காட்சி எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார், "மக்களே, இதுதானே விலை கூடினது?" என்று எங்கள் கணினியைக் காட்டிக் கேட்டார். படத்தைத் தம்பியின் கணினியிலேயே முடித்துத் திரையிட்டோம் என்றாலும், அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நெய்யாற்றின்கரைத் தொகுப்பாளர்

அண்ணாச்சி, அது 10-பிட் 4:2:2 எச்.265 கோப்பாக, அதாவது நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கிய கோப்பாக, இருந்திருக்க வேண்டும். இப்போது வரும் கல்யாணக் கேமராக்கள் பலவற்றில் அந்த முறையில் பதிவுசெய்ய முடிகிறது. இந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு தனி மின்சுற்று சிப்பில் இருக்க வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த மடிக்கணினிச் செயலிகளில் (பிராசசர்), உள்ளேயே அமைந்த சாதாரண கிராஃபிக்ஸ் பகுதியில் அது உண்டு. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் உண்டு. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. அந்தச் சுற்று கார்டிலும் இல்லாமல், செயலியிலும் இல்லாமல் போனால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும்; அப்போது எவ்வளவு விலை கொடுத்த கணினியும் திணறத்தான் செய்யும்.

அதற்காகக் கார்டுக்குக் கொடுத்த பணம் வீண் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அதே இரண்டு கணினிகளிலும் நிறத்திருத்தம் செய்து, காட்சியில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கி, ஒரு மணி நேரப் படத்தை ரெண்டர் போட்டு (இறுதிக் கோப்பாக்கி) பார்த்திருந்தால் அந்தத் தகப்பனாரின் கேள்வி தம்பியின் கணினியை நோக்கித் திரும்பியிருக்கும்.

செங்கோட்டை வரைவாளர்

நான் சிவகாசி அச்சகங்களுக்குச் சுவாமி படங்களும் காலண்டர் வடிவமைப்பும் செய்து கொடுப்பவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும் என்பதால் கோடை முழுவதும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வேலை முடிந்த கையோடு ஓணத் தள்ளுபடியும் வந்ததால், ஆரியங்காவு வழியாகக் கொல்லம் சென்று கணினி பார்த்தேன். (எல்லை தாண்டினால் வரி குறைவு என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே 18 சதவீதம்தான். தள்ளுபடி இல்லாத மாதத்தில் பேருந்துக் கட்டணம்தான் கூடுதல் செலவு.)

நான் வரைந்த மயில்வாகன முருகனைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். கடைப் பையன் சாதாரண கணினி ஒன்றிலும் தொழில்முறைக் கணினி ஒன்றிலும் அதை முழுத்திரையில் திறந்து வைத்தான். முதலாவதில் நெற்றிக் குங்குமம் செங்கல் நிறத்தில் இருந்தது; மயில் கழுத்தில் நான் அடுக்கடுக்காகப் பூசியிருந்த நீலமும் பச்சையும் கலந்து ஒரே மங்கலான நீலமாகிவிட்டன; சற்றுக் குனிந்து பார்த்தால் முருகனின் முகமே வெளிறியது. விவரத்தாளில் பொடி எழுத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் பரப்பை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று இருந்தது. அத்தகைய திரை, எஸ்ஆர்ஜிபி என்னும் வழக்கமான நிறத் தொகுதியிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காட்டாது. இரண்டாவது, அதைவிட விரிந்த டிசிஐ-பி3 நிறத் தொகுதி முழுவதையும் காட்டும் திரை. அதில் மயில் கண்ணைப் பறித்தது. "சேட்டா, இதல்லே ஒரிஜினல்?" (இதுதானே அசல்?) என்று பையன் பெருமையாகக் கேட்டான்.

என்னை உறுத்துவது அந்தக் கேள்விதான், ஏனென்றால் அந்தத் திரையில் மின்னிய மயில் கழுத்தை எந்த அச்சு மையாலும் தாளில் கொண்டுவர முடியாது. நான்கு வண்ண அச்சில் எட்டக்கூடிய பச்சையும் நீலமும் திரையில் உள்ளவற்றைவிடக் குறுகியவை. ஆகவே நிறம் அளந்து திருத்தப்படாத உயர்ரகத் திரை, மட்டமான திரையைப் போலவே ஏமாற்றும். ஒன்று குறைத்துக் காட்டுகிறது, மற்றொன்று கூட்டிக் காட்டுகிறது. சிவகாசியில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் திரையை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். குங்குமம் என்றால் மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று சதவீதத்தைச் சரிபார்த்து, அச்சிட்ட வண்ண அட்டையில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுவார்.

கடைசியில் நான் வாங்கியது இரண்டுக்கும் நடுவிலான ஒரு கணினி. எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை, 16 ஜிபி நினைவகம், தனிக் கார்டு கிடையாது. மிச்சப் பணத்தில் திரையின் நிறத்தை அளந்து திருத்தும் கருவியை வாங்கிக்கொண்டேன். நினைவகத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 15-க்கு 20 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வரைந்தால், நான்கு வண்ணத்தில் ஒரு முழு அடுக்கே (லேயர்) நூறு எம்பியைத் தாண்டும். முருகனுக்கோ மயிலுக்கு மட்டுமே பல அடுக்குகள் தேவைப்படுகின்றன.

நகரி நெசவு வரைபடம்

செங்கோட்டை நண்பர் திரையைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார். என் தொழிலில் திரையின் நிறத்துக்கு வேலையே இல்லை. நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிகளுக்குச் சேலைக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. திரையில் ஒரு கட்டம் என்றால் அந்த இடத்தில் ஜக்கார்டு (தறியில் வடிவம் விழச் செய்யும் கருவி) கொக்கி பாவு எனும் நெடுக்கு நூலைத் தூக்க வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டுமே. நிறத்தைச் சாயப்பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்.

திருப்பதியில் ஒரு கடையில், டிசைன் வேலைக்குக் கணினி வேண்டும் என்று நான் சொன்னவுடனே, விற்பனையாளர் என்னை மாடிக்கு அழைத்துச் சென்று, முப்பரிமாண மாளிகை ஒன்று சுழன்றுகொண்டிருந்த கணினியின் முன்னால் உட்காரவைத்தார். அவர் சொன்ன எண்களையெல்லாம் கேட்டுவிட்டு என் பென் டிரைவைச் செருகி ஒரு முந்தியைத் திறந்தேன். 480 கொக்கி, 600 ஊடை (குறுக்கு நூல்) கொண்ட அந்தக் கோப்பு 300 கேபிகூட வராது. அந்தப் பெரிய திரையின் நடுவில் அது தபால்தலை அளவுக்கு வந்து நின்றது. அவர் அதைப் பெரிதாக்கினார்; கட்டம் கட்டமாகத் தெரிந்தவுடன், "ரெசல்யூஷன் போயிந்தி சார்" என்று என் படத்துக்காக வருத்தப்பட்டார். அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக வைப்பதுதான் என் வேலை என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்வதாக இல்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, 8 ஜிபி உள்ள, பளபளப்பு இல்லாத அகலத் திரை கொண்ட சாதாரண கணினியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. என் வரைபடத்தைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அண்ணன் மகளின் அனிமேஷன் படிப்புக்காகக் கோயம்புத்தூரில் கணினி பார்க்கப் போனோம். ஒரே கார்டின் பெயர் ஒட்டிய இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பல ஆயிரம் கூடுதலாகச் சொன்னார்கள். காரணம் கேட்டதற்கு, "அது அப்படித்தானுங்க" என்று பதில் வந்தது. என் அனுபவம் அவ்வளவுதான். இருந்தாலும் வாங்கப் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

கார்டின் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை உண்டு. வேகத்திலும் அந்த வேறுபாடு தெரியும். செயலியிலும் அப்படித்தான். இன்டெல்லில் 13ஆம் தலைமுறை வரை யு என்று முடிபவை பெரும்பாலும் 15 வாட் அளவுக்கும், எச் என்று முடிபவை 45 வாட் அளவுக்கும் வடிவமைக்கப்பட்டவை. நீண்ட நேரம் ரெண்டர் போடுகிறவர்கள் எச் ரகத்தைத்தான் பார்க்க வேண்டும். விசிறியே இல்லாத மெல்லிய கணினிகள், ஆப்பிளின் மேக்புக் ஏர் உட்பட, சிறிது நேரம் பறக்கும்; சூடேறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா, பிறகு கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி என்று அதைத் தயாரிக்கும் அடோபியே சொல்கிறது. 4கே வீடியோவுக்கு 32 ஜிபி என்கிறது. ஆப்பிள் ஏர்கூட 2024 அக்டோபர் வரை 8 ஜிபியில்தான் தொடங்கியது, அதன் பிறகுதான் 16 ஆனது; பழையதை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். தனிக் கார்டு இல்லாத கணினியில் ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் மேல். சார்ஜரைக் கழற்றினால் தனிக் கார்டுள்ள கணினி பாதியாகச் சுருங்கிவிடும் என்பதால், மண்டபத்தில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதும் கணினி தேர்வில் சேர்ந்ததுதான். மெமரி கார்டு செருகும் துளை, திரையின் பிரகாசம், வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பார்களா என்பது...

கம்பத்து ஓவியர்

அண்ணா, யாரும் கேட்கவில்லை என்றாலும் நன்றி. வாட் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் நான் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரையப் பழகினேன். தூரிகையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும், கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதித்துத்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வளைவின் முடிவிலும் பேனாவை நிறுத்தி, கோடு வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு தூக்குவேன். அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

குமுளி வழியாக எர்ணாகுளம் சென்று ஓர் அனிமேஷன் நிறுவனத்தின் தேர்வில் உட்கார்ந்தபோது, திரையின் மேலேயே வரையும் பலகையைக் கொடுத்து யானையின் முதுகை ஒரே கோட்டில் வரையச் சொன்னார்கள். அங்கே கோடு பேனா முனையோடு ஒட்டியே வந்தது. பிட்டத்தை நெருங்கும் இடத்தில் என் கை தானாக நின்று காத்திருந்தது; கோடும் அங்கேயே நின்று ஒரு முடிச்சு விழுந்தது. அழித்து வரைந்தேன், மறுபடி அதே இடத்தில் முடிச்சு. மேற்பார்வையாளர் எதுவும் சொல்லவில்லை, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது, கை மாறுவதற்குத்தான் வெகுநாள் ஆயிற்று.

நகரி ஐயா சொல்வது கட்டம் வைக்கும் வேலைக்குச் சரி. கையால் கோடு இழுப்பவர்களுக்குச் சாதாரண கணினி போதும் என்று சொல்லும் முன், கடையிலேயே பேனாப் பலகையை மாட்டி, பெரிய தூரிகையில் ஒரு நீண்ட வளைவை வேகமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வில்லிசைப் பதிவாளர் (பாறசாலை)

45 வாட் எச் ரகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னதை ஒலிப்பதிவைப் பொறுத்தவரை நான் மறுக்கிறேன். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டைப் பதிவுசெய்ய, நண்பரின் சக்தி வாய்ந்த கணினியை மேடையருகே வைத்திருந்தோம். புலவர் குடத்தையும் உடுக்கையையும் கையமர்த்திவிட்டு, இசக்கியம்மன் கதையில் ஓர் இடத்தைத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கிய நேரம் பார்த்து, கணினியின் விசிறி இரையத் தொடங்கியது. அந்த இரைச்சல் முழுவதும் மைக்கில் ஏறியிருக்கிறது; அதை நீக்கப் போனால் புலவரின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது.

பதிவுக்கு உண்மையில் எவ்வளவு சக்தி தேவை என்று கணக்குப் பார்க்கலாம். எட்டு மைக்குகளை 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் அளவில் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 4 ஜிபிதான் ஆகும். எந்தச் சாதாரண கணினியும் அதைச் சிரமமின்றி எழுதும். இப்போது விசிறி இல்லாத மெல்லிய கணினியில்தான் களப்பதிவு செய்கிறேன். வீட்டில் எதிரொலியும் மற்ற அலங்காரங்களும் சேர்த்துக் கலவை செய்யும்போதுதான் கனமான கணினி தேவைப்படுகிறது, அது அங்கே எவ்வளவு இரைந்தாலும் கவலையில்லை.

குமரிக் கேமரா (களியக்காவிளை)

நெய்யாற்றின்கரைத் தம்பியின் விளக்கத்தை எங்கள் தொகுப்பாளருக்கு வாசித்துக் காட்டினேன். சிறிய நகல் கோப்புகளை முதலில் உருவாக்கிக்கொண்டு தொகுத்தால் பழைய கணினியே போதுமே என்கிறார் அவர். முறை சரிதான், ஆனால் பூசை முடிந்து விருந்து தொடங்குவதற்குள் இரண்டு கேமராக் காட்சிகளுக்கும் நகல் எடுக்க நேரம் எங்கே இருக்கிறது? கணினியை மாற்றும்வரை, அன்றே திரையிட வேண்டிய திருமணங்களில் கேமராவை நிற விவரம் குறைந்த 8-பிட் 4:2:0-இல் வைத்துப் பதிவுசெய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். நிறத்திருத்தத்துக்குச் சற்று இடம் குறையும்; அதைப் பிற்பாடு கொடுக்கும் முழு ஆல்பத்தில் சரிக்கட்ட வழியிருந்தால் யாரேனும் எழுதுங்கள்.