மாங்கூழ் ஆலை பேனலுக்கு ஹெச்எம்ஐயா, நோட்-ரெட்டா?

காவேரிப்பட்டணம் பேனல்: கிருஷ்ணகிரி பக்கம் சின்ன மாங்கூழ் ஆலை. ஒரு பாஸ்டரைசர் (கூழைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் எந்திரம்), மூன்று பம்ப், மூன்று பம்புக்கும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி). பிஎல்சி (எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஆர்எஸ்-485 ஒயர் லைனில், மோட்பஸ் ஆர்டியூ என்ற தகவல் பரிமாற்ற முறையில் அவற்றை ஓட்டுகிறது. ஆபரேட்டர் திரைக்கு ரெடிமேட் ஹெச்எம்ஐ (பேனலில் பொருத்தும் டச் திரைப் பெட்டி) வாங்கவா, மினி பிசியில் நோட்-ரெட் (கட்டங்களை இணைத்துப் புரோகிராம் செய்யும் மென்பொருள்) போடவா? முதலாளிக்கு வெப்பநிலைப் பதிவு எக்செல்லில் வேண்டும்.

ஓசூர் சர்வீஸ்: ஏழு இன்ச் ஹெச்எம்ஐ, யோசிக்கவே வேண்டாம். வெயின்டெக் கம்பெனி ஹெச்எம்ஐக்குத் திரை வரையும் ஈஸிபில்டர் புரோ மென்பொருள் இலவசம். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும். பதிவைப் பென்டிரைவில் எடுக்கலாம். சீசனில் தோத்தாபுரி லாரிகள் வரிசையில் நிற்கும்போது விண்டோஸ் அப்டேட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரணுமா?

தருமபுரி நோட்ரெட்: அண்ணா, நோட்-ரெட்டுக்கு விண்டோஸ் எதற்கு? லினக்ஸ் போதும். 2013-ல் ஐபிஎம்மில் தொடங்கிய ஓபன் சோர்ஸ், லைசென்ஸ் காசே இல்லை. நீங்கள் சொல்லும் இலவச மென்பொருள் அந்தக் கம்பெனிப் பெட்டிக்கு மட்டும்தான். வேறு பெட்டிக்கு மாறினால் திரையெல்லாம் மறுபடி வரையணும்.

ஓசூர் சர்வீஸ்: கடைசியில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில்தானே ஓட்டுவீர்கள் தம்பி? பதிவு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் எஸ்டி கார்டு காலி. அதுவும் நடுராத்திரி நின்றால் உங்கள் ஃப்ளோவை (நோட்-ரெட் புரோகிராமை) திறந்து பார்க்க யார் வருவார்? ஹெச்எம்ஐ என்றால் ஓசூர் சிப்காட்டில் எந்தப் பேனல் பையனும் பார்ப்பான்.

தருமபுரி நோட்ரெட்: எஸ்டி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி, கூடவே சின்ன யுபிஎஸ் வைத்தால் அந்தப் பயம் போச்சு. பேனல் பையன் பார்ப்பான் சரி, திரையை மாற்றத் தேவையான சோர்ஸ் ஃபைல் யாரிடம் இருக்கும்? நான் போன ஒரு ஆலையில் பழைய ஆள் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு ஃபைலையும் தராமல் போய்விட்டார். ஒரு அலாரம் அளவை மாற்ற மொத்தத் திரையையும் புதிதாகச் செய்தோம்.

ஓசூர் சர்வீஸ்: அது அந்த ஆளின் குணம், ஹெச்எம்ஐ என்ன பண்ணும்? ஃபைலும் பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகு பில்லை செட்டில் பண்ணுங்கள்.

போச்சம்பள்ளி ஆபரேட்டர்: ஓட்டுகிறவன் ஒன்று சொல்கிறேன். கையெல்லாம் கூழ், டச் சரியாக வேலை செய்யாது. ஸ்டார்ட், ஸ்டாப்புக்குப் பேனல் கதவில் பட்டன் வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் எந்தத் திரையையும் நம்பாமல் நேரடி ஒயரிங்கில் இருக்கணும். அப்புறம், வாங்குமுன் 'வெப்பநிலை' என்று தமிழில் போட்டுப் பாருங்கள். எங்கள் பெட்டியில் 'வெ'யின் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

காவேரிப்பட்டணம் பேனல்: சரி, ஹெச்எம்ஐ வாங்குகிறேன். பதிவுக்கு மட்டும் நோட்-ரெட்டை அதே 485 லைனில் சேர்க்கலாமா?

தருமபுரி நோட்ரெட்: கூடாது. மோட்பஸ் ஆர்டியூவில் ஒரு லைனுக்கு ஒரே மாஸ்டர் (மற்றவற்றிடம் தகவல் கேட்கும் கருவி), அந்த இடத்தில் ஏற்கெனவே பிஎல்சி இருக்கிறது. ஈதர்நெட் உள்ள பிஎல்சியாக மாற்றுங்கள், அதன் வழியே நோட்-ரெட் பதிவை எடுக்கட்டும்.

ஓசூர் சர்வீஸ்: ஒரு எக்செல்லுக்காகப் பிஎல்சியையே மாற்றச் சொல்கிறார் பாருங்கள்!