புதுப்பிப்பு: கிரவல் மண்ணில் அம்மம்மாவின் தோடு கிடைத்துவிட்டது

தெகிவளை வீட்டு வளவில் விழுந்த அம்மம்மாவின் தங்கத் தோட்டைத் தேடுகிறேன், இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தோடு கிடைத்துவிட்டது.

முதலில் சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, கூட்டியே வைத்திருந்தேன். அதுதான் பிழை. வளவுக்குக் கொட்டிய கிரவலில் (சரளை கலந்த செம்மண்) இரும்புத் தாது அதிகம். கூட்டக் கூட்ட மண்ணே சத்தம் போடும். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை (கருவியின் நுனியில் உள்ள வட்டத் தட்டை) மேலும் கீழும் அசைத்து கிரவுண்ட் பேலன்ஸ் செய்து, அதாவது மண்ணின் சத்தத்தைக் கருவி கணக்கில் எடுக்காதபடி சரிசெய்து, சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தியதும் அமைதியானது.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது, "சோடித் தோட்டை வைத்துப் பாருங்கள்" என்ற யோசனை. மற்றத் தோட்டைக் காயிலுக்கு முன்னால் ஆட்டினேன். எந்த உலோகம் என்று ஊகிக்கத் திரையில் காட்டும் எண், நான் குப்பையென்று கருவி ஒலிக்காதபடி விலக்கி வைத்திருந்த அலுமினியத் தாளின் எல்லைக்குள்ளேயே இருந்தது! இத்தனை நாளும் தோட்டுக்கு மேலாலேயே நடந்திருப்பேன். இரும்பை மட்டும் விலக்கிவிட்டு, மெதுவாக, காயிலை நிலத்தோடு ஒட்டித் தேடினேன். மாத்திரை உறைகள், சோடா மூடிகள், அப்புறம் முருங்கையடியில் ஒரு சாண் ஆழத்துக்குள் தோடு.

எதிர்பாராத ஒன்று: இரவு மழை பெய்தால் பேலன்ஸ் மாறிவிடுகிறது. காலையில் திரும்பவும் செய்யுங்கள்.