ஜோஷுவா – ரூயிஸ் ரீமேட்ச்: ஓடி ஓடி ஜெயிப்பதும் ஜெயிப்புதானா?

சோபாவீரன் கேட்டது:

போன வாரம் தம்பியோடு உட்கார்ந்து, ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்கள் ஆன்டனி ஜோஷுவாவும் ஆண்டி ரூயிஸும் 2019-இல் மோதிய இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதலாவது ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நம் ஊரில் அது ஞாயிறு காலை. அன்றைக்கு நேரலையில் பார்த்தபோது தட்டில் இட்லி ஆறிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் ரவுண்டில் ரூயிஸ் விழுந்தார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தால், எழுந்து வந்து அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு முறை சாய்த்தார். ஏழாவதில் இன்னும் இரண்டு முறை. நடுவர் நிறுத்திவிட்டார்.

ரீமேட்ச் டிசம்பர் 7, சவுதியில், ரியாத்தை ஒட்டிய திரியாவில். பன்னிரண்டு ரவுண்டும் போனது, ஒருவரும் விழவில்லை. ஜோஷுவா சுற்றிச் சுற்றி ஓடுகிறார், இடது கையை நீட்டுகிறார், மறுபடி ஓடுகிறார். ஏழாம் ரவுண்டில் தம்பி தூங்கிவிட்டான். கடைசியில் 118-110, 118-110, 119-109 என்று அறிவிக்கிறார்கள்.

ஒருவரும் விழாத சண்டையில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? ஆறே மாதத்தில் ரூயிஸின் அந்தக் குத்து எங்கே போனது? ஓடுகிறவருக்கா உலகச் சாம்பியன் பெல்ட்?

ராத்திரி ஷிப்ட் சொன்னது:

எங்கே போனதா? வயிற்றுக்குப் போனது. முதல் சண்டைக்கு 268 பவுண்டு, ரீமேட்சுக்கு 283 பவுண்டுக்கும் மேல். மூன்று மாதம் பார்ட்டியிலேயே போய்விட்டது என்று தோற்ற பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?

பழைய கிளவுஸ் சொன்னது:

எடை ஒரு காரணம்தான். ஆனால் அதோடு விட்டால் ஜோஷுவா செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடும். தொண்ணூறுகளில் வடசென்னையில் சில வருடம் கிளவுஸ் மாட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் பாயின்ட். ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு. ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. நான்கு ஜாப் (முன்கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து) கூடுதலாகப் போட்டு ஜெயித்தாலும் 10-9தான், ரவுண்டு முழுக்க வெளுத்து வாங்கினாலும் பெரும்பாலும் 10-9தான். பொதுவாகக் கீழே விழுந்தால்தான் 10-8 ஆகும். 118-110 என்றால் பத்து ரவுண்டு ஜோஷுவாவுக்கு, இரண்டு ரூயிஸுக்கு. பத்தையும் நூலிழையில் ஜெயித்திருந்தாலும் அட்டையில் எண் இப்படித்தான் வரும்.

அப்புறம் ஓட்டம். ஜோஷுவாவின் கை எட்டும் அளவு 82 அங்குலம், ரூயிஸுடையது 74. அந்த எட்டு அங்குல இடைவெளிக்குள்தான் பன்னிரண்டு ரவுண்டும் நடந்தது. நியூயார்க்கில் ரூயிஸ் விழுந்ததும் ஜோஷுவா முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்தார். உள்ளே போனால் அது ரூயிஸின் இடம். பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது, அவ்வளவு வேகமான கை இந்த எடையில் அபூர்வம். நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) விழுந்தது, அதற்கப்புறம் ஜோஷுவாவின் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திரியாவில் அவர் அந்த இடத்துக்குள் போகவே இல்லை. எட்ட நின்று ஜாப், தோதுப்பட்டால் பின்னாலேயே வலது கை, ரூயிஸ் நெருங்கினால் கட்டிப் பிடித்துக்கொள்வது. முதல் ரவுண்டிலேயே ரூயிஸின் இடது கண் பக்கம் கிழிந்ததைப் பார்த்தீர்களா? பயந்து ஓடுகிறவன் திரும்பி அடிக்க மாட்டான். இவர் அடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அதற்காகவே பத்து பவுண்டு இறக்கி 237-க்கு வந்தார்.

இப்போது ரூயிஸ். முதல் முறை அவருக்குக் கொண்டாட நேரமே இல்லை. ஜோஷுவாவோடு மோத வேண்டியிருந்த ஜாரெல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் கிடைத்த வாய்ப்பு அது. ஏப்ரல் 20-இல்தான் ஒரு சண்டையை முடித்திருந்தார், பயிற்சியின் சூடு ஆறுவதற்குள் ஜூன் 1 வந்துவிட்டது. இரண்டாம் முறை கையில் பணம், புகழ், ஆறு மாத அவகாசம்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, நானும் ரூயிஸ் கட்சிதான். 71 கிலோ பிரிவில் ஒரு பையனைச் சுத்தமாக அடித்து ஜெயித்திருந்தேன். நான்கு மாதம் கழித்து அதே பையனோடு மறுபடி போட்டி. நடுவில் அக்கா கல்யாணம். பந்தி, மறுவீடு, மாப்பிள்ளை வீட்டு விருந்து என்று போய், எடை பார்க்க இரண்டு வாரம் இருக்கும்போது 76. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மணலில் ஓடி, தண்ணீர் குடிக்காமல், எச்சில் துப்பித் துப்பி 71-க்கு வந்துவிட்டேன். ஆனால் இரண்டாம் ரவுண்டில், அவன் தாடை திறந்து கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கை கிளம்பிவிட்டது, கால் மட்டும் அரை நொடி தாமதமாக வருகிறது. அதற்குள் அவன் அங்கே இல்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

எனக்காவது 71 என்று ஒரு கோடு இருந்தது. ஹெவிவெயிட்டில் மேலே கோடே கிடையாது. 283 என்று முள் காட்டினால் அதை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். ரூயிஸைத் தராசு தடுக்கவில்லை, ஆசையாகப் பார்க்க வந்தவர்களும் தடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை சொன்னது:

அண்ணே, எழுத்து நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது. இன்னொரு ஹெவிவெயிட் ஜோடியைப் பாருங்கள்: டியோன்டே வைல்டரோடு 2018-இல் டிரா செய்தபோது டைசன் ஃபியூரி 256 பவுண்டு சொச்சம். 2020 பிப்ரவரி 22, லாஸ் வேகஸ் ரீமேட்சில் 273. ஏழாம் ரவுண்டிலேயே வைல்டரின் பயிற்சியாளர்கள் நிற்கும் மூலையிலிருந்து துண்டு பறந்து வந்தது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். எடை ஏறினால் கால் போய்விடும் என்றால் ஃபியூரி எப்படி ஜெயித்தார்?

பழைய கிளவுஸ் சொன்னது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஃபியூரி எடை போட்டது விருந்தில் இல்லை, திட்டத்தில். வைல்டரின் சொத்து அந்த வலது கை ஒன்றுதான். அதை வீச அவருக்கு இடம் வேண்டும், முன்னங்கால் ஊன்ற வேண்டும். பின்னால் தள்ளிக்கொண்டே போனால் இரண்டும் கிடைக்காது. அதனால் ஃபியூரி பயிற்சியாளரையே மாற்றி, டெட்ராய்ட் க்ரோங்க் குத்துச்சண்டைப் பள்ளியில் வளர்ந்த சுகர்ஹில் ஸ்டூவர்டைக் கூட்டி வந்தார். பின்னால் நகர்ந்து ஆடிய மனிதர் முதல் மணியிலிருந்தே முன்னால் போனார், கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு பாரத்தை வைல்டர் கழுத்தில் இறக்கினார். அந்த வேலைக்கு 273 வேண்டும். ஜோஷுவாவின் வேலைக்கு 237 போதும். ரூயிஸின் 283 எந்த வேலைக்கு என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வைல்டரோ, உள்ளே வரும்போது போட்டிருந்த 40 பவுண்டு உடைதான் கால் வலுவைத் தின்றுவிட்டது என்றார். அக்கா கல்யாணத்தைச் சொல்லியிருந்தால் நானாவது நம்பியிருப்பேன்.

சோபாவீரன், ரீமேட்சை இன்னொரு முறை போடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள்.

சோபாவீரன் சொன்னது:

நேற்று ராத்திரி அப்படியே பார்த்தோம். உண்மைதான், ரூயிஸின் கால் போய் ஊன்றும் இடத்திலிருந்து ஜோஷுவா ஏற்கெனவே கிளம்பியிருக்கிறார். எட்டாம் ரவுண்டில் மட்டும் கொஞ்சம் அசந்து நின்றார், உடனே இரண்டு நல்ல குத்து வாங்கினார். போன முறை அந்த ரவுண்டை நான் கவனிக்கவே இல்லை.

‘பார்த்தோம்’ என்று எழுதிவிட்டேன். சத்தம் இல்லாததால் தம்பி இந்த முறை நான்காம் ரவுண்டிலேயே தூங்கிவிட்டான்.