கோல்ட்பெர்க்: கூல்டின் 1955 பதிவா, 1981 பதிவா?

கேள்வி (காரைக்குடி):
பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (ஒரு மெட்டும் அதன் பல மாறுபாடுகளும்) பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் வாசித்தது சுமார் 38 நிமிடம்; 1981-இல் 51. எனக்கு இரண்டாவதுதான். தொடக்க மெட்டான ஆரியாவில் ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று கேட்கிறது, கூடவே அவர் முனகுவதும். எங்கள் வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் ஆத்தங்குடிக் கல் தரை, எதிரொலி அதிகம். பழைய பதிவைப் போட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. உங்களுக்கு எது?

பதில் (தேவகோட்டை):
அண்ணே, 1955தான். அந்தத் துள்ளல் 22 வயதில்தான் வரும். ஹெட்போனில் கேளுங்கள், இடக்கை அவ்வளவு தெளிவு.

பதில் (பள்ளத்தூர்):
வேகம் மட்டும் காரணமில்லை. 1955-இல் திரும்ப வாசிக்க வேண்டிய பகுதிகளை விட்டுவிட்டார். 1981-இல் சிலவற்றை வாசித்தார்.

கேட்டவர்:
சரி தம்பி, ஹெட்போனில் கேட்டேன். ஐந்தாம் வேரியேஷன் பிரமாதம், முக்கால் நிமிடம்கூட இல்லை! ஆரியாவுக்கு மட்டும் 1981-ஐ விட மாட்டேன்.