தொட்டி மண்ணில் வரும் புழுப்பாம்பு: ஆதிப் பாம்பா, தேய்ந்துபோன பாம்பா?

கரிசல்காடன்:
போன வாரம் ஒரு தம்பி ரோஜாத் தொட்டியைக் கொட்டியபோது கிடைத்த புழுப்பாம்பின் படத்தைப் போட்டிருந்தார். பாதிப் பேர் மண்புழு என்றார்கள். உடம்பில் வளையம் இல்லை, செதில் இருக்கிறது, நாக்கை நீட்டுகிறது, பாம்பேதான்.

நான் சொல்ல வந்தது வேறு. பாம்புக் குலத்தின் ஆதி உருவத்தைப் பார்க்க ஆசையா? இதைப் பாருங்கள். கண் என்பது செதிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. வாய்க்குள் எறும்பு முட்டை, கரையான் அளவுதான் போகும். இது சேர்ந்த குருட்டுப் பாம்புக் கூட்டத்தில் பலவற்றுக்கு இடுப்பெலும்பின் மிச்சம் உள்ளே கிடக்கிறது. பல்லி இனம் மண்ணுக்குள் போய்க் காலை இழந்தது. இது அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. மற்ற பாம்புகள் மேலே வந்து வாயை அகலமாக்கிக்கொண்டன.

வேம்படியான்:
மறுக்கிறேன் ஐயா. முதலில் பிரிந்த கிளை என்றால் மாறாமல் இருந்த கிளை என்று பொருள் கிடையாது. அது பிரிந்த பிறகும் மற்ற பாம்புகளுக்கு ஆன அதே காலம்தான் அதற்கும் ஆகியிருக்கிறது.

பல்லைப் பாருங்கள். நம் புழுப்பாம்பு டிஃப்லாபிடே குடும்பம். பல் மேல்தாடையில் மட்டும். அந்த எலும்பு சுழன்று சுழன்று இரையை உள்ளே வாருகிறது. இன்னொரு குருட்டுப் பாம்புக் குடும்பமான லெப்டோடிஃப்லாபிடேயில் பல் கீழ்த்தாடையில் மட்டும்; அங்கே வாருவது கீழ்த்தாடை. நேரெதிரான இரண்டு ஏற்பாடு. இதில் எது ஐயா ஆதி வாய்?

புதைபடிவமும் உங்கள் பக்கம் இல்லை. அர்ஜென்டினாவில் கிடைத்த நஜாஷ், பின்னங்கால் உள்ள பாம்பு. 2006இல் முதலில் விவரித்தார்கள். 2019இல் வெளியான மண்டையோடுகளில் வாய் பெரியது. பழைய பாம்பு பெரிய வாய்க்காரன் என்றால், இது பிறகு சுருங்கியது என்றுதானே ஆகிறது?

திண்ணைக்காரி:
அதெல்லாம் இருக்கட்டும், காதுக்குள் போகுமா போகாதா? எங்க ஆச்சி தரையில் படுக்கவே விடமாட்டாங்க.

வேம்படியான்:
போகாதுக்கா. விஷமும் கிடையாது. வாலில் இருக்கும் சின்ன முள்ளால் குத்துகிற மாதிரி அழுத்தும், அவ்வளவுதான்.

கரிசல்காடன்:
நஜாஷ், இன்றைய பாம்புகளின் தாத்தாவா, பக்கத்துக் கிளையா என்பதே முடிந்த வழக்கு இல்லை. மரபணுவை ஒப்பிட்டு வரைந்த குலமரங்களுக்கு வாருங்கள். குருட்டுப் பாம்புகள் எல்லாம் ஒரே குலம் அல்ல, அதில் தென், நடு அமெரிக்காவின் அனோமலெபிடிடே என்ற குடும்பம் மற்ற பாம்புகளுக்குத்தான் நெருக்கம் என்று அண்மைக் காலப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை நீங்களே போன மாதம் எனக்கு எதிராக எடுத்துப் போட்டீர்கள்! அது எனக்கல்லவா சாதகம்? தனித்தனியாகப் பிரிந்த இரண்டு கிளையும் புழு மாதிரியே இருந்தால், பொதுப் பாட்டனும் அப்படித்தான் இருந்தான் என்பதே எளிய விளக்கம்.

வேம்படியான்:
நல்ல கேள்வி, ஆனால் பெறுவது அரிது, இழப்பது சுலபம். மண்ணுக்குள் போனால் கண் தேய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிசிலியன்கள் தவளைக்கு உறவான, காலில்லாத நீர்நில உயிர்கள், அவற்றுக்கும் அதே கதி. இரண்டு முறை இழந்திருந்தால் என்ன வியப்பு?

நீர்க்கோலி:
இடையில் ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்து மருத்துவர் ரஸ்ஸல் 1796இல் அச்சிட்ட விசாகப்பட்டினத்துப் புழுப்பாம்பை வைத்து பிரெஞ்சு விலங்கியலாளர் டாடின் 1803இல் இதற்குப் பெயர் சூட்டியபோது மண்ணுளிப் பாம்பின் எரிக்ஸ் பேரினத்தில் போட்டார். பிறகு டிஃப்லாப்ஸ், பிறகு ராம்ஃபோடிஃப்லாப்ஸ், 2014இல் இண்டோடிஃப்லாப்ஸ் பிராமினஸ். இதில் ராம்ஃபோடிஃப்லாப்ஸை அடையாளம் காண முக்கியமானது ஆணின் உறுப்பு. இந்தப் பாம்பிலோ ஆணே கிடையாது! எல்லாம் பெண், கலப்பின்றியே முட்டையிடும். அதனால்தான் தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று போனாலும் ஹவாய், ஃப்ளோரிடா என்று குடியேறிவிட்டது.

வேம்படியான்:
அப்படிச் சொல்லுங்கள். 1987இல் பார்த்தபோது இந்தப் பாம்பின் குரோமோசோம் தொகுதி வழக்கமான இரண்டல்ல, மூன்று. ஆணில்லாமல், மூன்று தொகுதியோடு பெருகும் ஒன்றையா ஆதிப் பாம்புக்கு மாதிரி என்கிறீர்கள்?

கரிசல்காடன்:
இது குதர்க்கம். நான் பேசுவது மண்டையோடும் வாயும். குரோமோசோம் இந்த ஒரு இனத்தின் சொந்தக் கதை. ஆணும் பெண்ணுமாக இருக்கும் மற்ற டிஃப்லாபிடேக்களை எடுத்துக்கொள்ளுங்கள், என் வாதம் அப்படியே நிற்கும்.

தொட்டிக்காரத் தம்பி:
படம் போட்டது நான்தாண்ணே. தொட்டியில் இன்னும் இரண்டு இருக்கு. செடிக்குக் கெடுதலா?

வேம்படியான்:
இல்லை தம்பி, வேரைத் தொடாது. எறும்பு முட்டை, கரையானைத்தான் தின்னும். சில வேளை கரையானின் தலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் பதிவு செய்தார்கள். இத்தனை நுணுக்கமான தீனிக்காரனைத்தான் ஐயா ஆதி உருவம் என்கிறார்.

கரிசல்காடன்:
தீனி நுணுக்கமாகலாம், தாடை பழையதாகவே இருக்கலாம். தொட்டியை மூடு தம்பி, வெயில் பட்டால் காய்ந்துவிடும்.