ரேடியேட்டர் ஃபேனுக்கு நாமே தகட்டில் ஷ்ரவுட் (ரேடியேட்டரிலிருந்து ஃபேனுக்குக் காற்றைச் சேர்க்கும் உறை) செய்த அனுபவங்கள்

மிச்சிகன்வாசி:

அந்தத் தாள் நழுவி விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 1932 ஃபோர்டு கூப்பே. உள்ளே ஷெவர்லே 350 எஞ்சின், ஷார்ட் (நீளம் குறைந்த) வாட்டர் பம்ப். ஆகஸ்ட் மாதம், வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், அதாவது வுட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலம். அன்று அந்தச் சாலையில் ஊர்ந்துதான் போக முடியும். 13 மைல் ரோடு சிக்னலுக்கு முன்னால் எஞ்சின் சூடு காட்டும் முள் 230 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நெடுஞ்சாலையில் 185-ஐத் தாண்டாத வண்டி இது. ஓரங்கட்டி நிறுத்தினேன். பக்கத்தில் என் மகள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சூடு இறங்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கையிலிருந்த விளம்பரத் தாளை கிரில்லின் கீழ்ப்பக்கம் நடுவில் வைத்தார். பட்டென்று ஒட்டிக்கொண்டது. அதையே மேல்பாதியில் வைத்தார், நழுவி விழுந்தது. வலது மூலையில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. "உன் ரேடியேட்டரில் பாதிதான் வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முன் இரண்டு ரேடியேட்டர் மாற்றியிருந்தேன். இரண்டாவது, முதலாவதைவிடத் தடிமன். அத்தனை பணமும் காற்றே போகாத இடத்துக்குப் போட்டது. '32-இன் ரேடியேட்டர் ஒடுக்கம், உயரம் அதிகம். ஷெவர்லே பம்ப் தாழ்வாக இருப்பதால் ஃபேன் கீழ்ப்பாதியில்தான் சுழலும். ஷ்ரவுட் இல்லாவிட்டால் தன் வட்டத்துக்கு நேராக உள்ள பகுதியில் மட்டுமே இழுக்கும்.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்து, அலுமினியத் தகட்டில் அடித்தேன். முதலில் வாங்கியது 6061 என்ற அலுமினியக் கலவை. மடித்த இடத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. 5052 என்ற கலவையை வாங்கி மடித்தேன், 1.6 மில்லி, சொன்னபடி வளைந்தது. வேலை முடிந்த அன்று நானே தாளை எடுத்துக்கொண்டு போய் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். எல்லா மூலையிலும் ஒட்டியது. அடுத்த ஆகஸ்டில் அதே சிக்னலில் முள் 195-இலேயே நின்றது. அந்தப் பெரியவரைத் தேடினேன், காணவில்லை.

டாலஸ் பட்டறை:

தாள் சோதனை நல்ல சோதனை. ஆனால் எஞ்சினே சுற்றும் மெக்கானிக்கல் ஃபேனுக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே! அதில்தான் நான் மாட்டினேன்.

1940 பிக்கப், எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆடும். ஃபேன் நுனிக்கும் ஷ்ரவுட் வளையத்துக்கும் கால் அங்குலம்தான் விட்டேன். நெருக்கமாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்று நினைத்தேன். நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் செய்தும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்து, பச்சை விழுந்ததும் முழுதாக மிதித்தேன். எஞ்சின் ஒரு பக்கம் தூக்கியது. மரத்தில் ரம்பம் ஓடுவது போல ஒரு சத்தம், அடுத்த நொடி கண்ணாடி முழுவதும் பச்சைக் கூலன்ட். இறக்கை தகட்டைக் கிழித்து, கிழிந்த துண்டு ரேடியேட்டரில் குத்தியிருந்தது. துண்டு பானட்டைப் பிளந்து மேலே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

சுற்றிலும் ஒரு அங்குலம் விடுங்கள். இறக்கையின் அகலத்தில் பாதி வளையத்துக்கு உள்ளே, பாதி வெளியே இருக்கட்டும். இன்னொன்று, அலுமினியத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபேன் அதிர்வில் என்றைக்காவது விரிசல் விடும். 18 கேஜ் (தகட்டின் தடிமன் எண், எண் கூடினால் தகடு மெல்லியது) இரும்புத் தகடுதான் சரி.

கோவை ஜீப்:

என்னுடையது உங்களுடையது போல ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) இல்லை. பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் இறக்கியது. ஆனால் நோய் அதேதான்: எஞ்சின் மாறியதும் ஃபேன் இடம் மாறிவிட்டது, பழைய கவர் பொருந்தவில்லை, அது இல்லாமலே ஓட்டினேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் ஏற்றம் தொடங்கினால், பர்லியாறு வருவதற்குள் கொதித்துவிடும். வேலை பார்த்த பட்டறையில் மூன்று முறை ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் (குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) செய்யச் சொன்னார்கள். செய்தேன். மறுபடி கொதித்தது.

கடைசியாக, தகட்டு வேலை செய்யும் வயதான ஒரு டிங்கரிடம் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, சாமி படத்தில் செருகியிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள சந்துக்குப் பக்கவாட்டில் காட்டினார். புகை வளைந்து அப்படியே ஃபேனுக்குள் போனது. "பாத்தியா கண்ணு? முன்னாடி இருந்து இழுக்க வேண்டியது, பக்கத்துல இருக்கற சூட்டுக் காத்தையே இழுத்துட்டுக் கெடக்குது" என்றார். ஆறு மாதம் புரியாதது அந்த ஒரு கோட்டுப் புகையில் புரிந்தது.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். ரேடியேட்டர் பக்கம் சதுரம், ஃபேன் பக்கம் வட்டம், புனல் செய்கிற அதே கணக்கு. நூலால் அளந்தார், டேப் எடுக்கவே இல்லை. 20 கேஜ் தகடு. வட்ட விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டி மடித்தார், வாளி வாயில் இருக்குமே, அந்த மாதிரி. அலுமினியம் விரிசல் விடும் என்று டாலஸ்காரர் சொன்னதற்கு அதுதான் பதில். தகடு எந்த உலோகமாக இருந்தாலும், அதிர்வில் வரும் விரிசல் பெரும்பாலும் வெட்டுவாயில், அதாவது வெட்டிய விளிம்பில்தான் தொடங்கும். வாயை மூடிவிட்டால் மெல்லிய தகடும் நிற்கும். எட்டு வருடம் ஆகிறது, ஒரு விரிசல் இல்லை. அவர் இப்போது இல்லை. தரையில் போட்ட அந்தக் கோட்டை ஒரு படம் எடுத்து வைக்காமல் விட்டேனே என்பதுதான் என் வருத்தம்.

ஸ்காபரோ அண்ணன்:

என் கதை சிறியது. கையில் கிடந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் ஷ்ரவுட் செய்து, கதவை மூடிய கராஜில் வெல்டிங் அடித்தேன். இரவு குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை. துத்தநாகப் புகை. மறுநாள் சரியாகிவிட்டது, ஆனால் அந்த இரவை மறக்க மாட்டேன். தம்பிமார், பூச்சு இல்லாத தகடு வாங்குங்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

அத்தோடு சில விஷயம். முதலில், எல்லோரும் ஏன் இன்னும் மெக்கானிக்கல் ஃபேனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்? எலெக்ட்ரிக் ஃபேனைப் போட்டால் மோட்டாரே ஷ்ரவுட்டில் உட்காரும், எஞ்சின் ஆடினாலும் உரசாது, இடைவெளியைக் குறைத்து வைக்கலாம். பழைய ஜெனரேட்டர் அதற்குத் தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும், ரிலே வைத்துத் தடித்த வயர் இழுங்கள். இரண்டாவது, தகட்டை ரேடியேட்டரை ஒட்டித் தட்டையாக வைக்காதீர்கள். ஆழம் இல்லாவிட்டால் மூலைக்குக் காற்று ஓடாது. மூன்றாவது, முழுக்க மூடினால் வேகமாகப் போகும்போது தகடே காற்றை மறிக்கும். ஓட்டை வெட்டி ரப்பர் மடல் வையுங்கள். நின்றால் ஃபேன் இழுப்பில் மூடிக்கொள்ளும், ஓடினால் திறக்கும். நான்காவது, எலெக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரின் கோர் (குழாய்கள் உள்ள நடுப்பகுதி) வழியே பிளாஸ்டிக் ஊசி குத்தி மாட்டுகிறார்களே, தயவுசெய்து வேண்டாம். குழாயை உரசி ஓட்டை போடும்.

டாலஸ் பட்டறை:

அண்ணே, ஃபிளாட்ஹெட் என்ற பழைய வகை எஞ்சினும் பழைய கிரில்லும் வைத்த வண்டியில் எலெக்ட்ரிக் ஃபேன் எனக்குக் கண்ணை உறுத்தும். அது என் விருப்பம். மடல் யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

கோவை ஜீப், விரிசல் வெட்டுவாயில் தொடங்கும் என்றீர்கள். நேற்று என் கிழிந்த ஷ்ரவுட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கிழிசலுக்குப் பக்கத்திலேயே மயிரிழை போல மூன்று விரிசல், மூன்றும் விளிம்பில் தொடங்கியவை. அதுவும் 18 கேஜ் இரும்புதான். அலுமினியத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சிகன்வாசி:

இடைவெளி முக்கால் அங்குலம் விட்டிருந்தேன். இதைப் படித்ததும் ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் வளையத்தில் ஒரு பளபளப்பான கீறல் இருக்கிறது. எப்போது உரசியது என்றே தெரியவில்லை. மகளை வைத்துக்கொண்டுதான் அதில் போகிறேன். கழற்றிவிட்டேன். புதிதாக 20 கேஜ் இரும்பில் அடிக்கிறேன், சுற்றிலும் ஒரு அங்குலம். கோவை நண்பரே, அந்தக் கம்பி எத்தனை மில்லி? மடிப்புக்கு எவ்வளவு தகடு விட வேண்டும்?

கோவை ஜீப்:

மூன்று மில்லி கம்பி. கம்பியின் குறுக்களவைப் போல இரண்டரை மடங்கு தகடு விடுங்கள், ஏழரை மில்லி வரும். ஒரே அடியில் மடக்காதீர்கள். சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள்.